பேராசிரியருக்கு இல்லாத அண்ணன்

1

மயிலிட்டியிலிருந்து தெற்கே நடந்துகொண்டிருந்தேன். பிற்பகல் மூன்று மணி வெயில். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் வாழையிலையில் சுற்றிய சோறும் கறிகளும் இருந்தன. பேராசிரியர் இறந்து ஒரு வருடம், ஆட்டைத் திவசத்துச் சாப்பாடு அது. சாப்பிடாமல் புறப்பட்டவனை வாசல் படலை வரைக்கும் துரத்திவந்து அவருடைய தங்கை கையில் திணித்துவிட்டார். வாங்காமல் வந்திருக்கலாம். ஆனால் பசி இருந்தது.

வசாவிளான் பக்கத்துத் தெருவில் இரண்டு பக்கமும் கூரையில்லாத வீடுகள். சில வீடுகளுக்குள் ஆலமரம் நின்றது. சிலவற்றுக்குப் புதுப் பெயின்ற் அடித்திருந்தார்கள். பஸ் ஒன்று கடந்து போனது. கை காட்டவில்லை. நடந்தால் ஏதாவது யோசனை வரும் என்று நினைத்தேன்.

புத்தூருக்குப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே ஒரு மேசன் இருந்தார். மறுநாள் காலை அவர் மயிலிட்டிக்கு வந்து ஒரு கல்லைச் சுவரில் பதிக்க இருந்தார். அந்தக் கல் பதிபடக்கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்லில் இரண்டு பெயர்கள் வெட்டியிருக்கின்றன. ஒன்று பேராசிரியருடையது. இந்தக் கரையில் பிறந்து, ஜேர்மனியில் படித்து, உலகம் அறிந்த பௌதிகவியல் அறிஞராகி, போன வருடம் இறந்தவர். மற்றது காணாமல் போன அவருடைய அண்ணனுடையது. பேராசிரியரின் மனைவி ஜேர்மன்காரி. அவரும் பல்கலைக்கழக நண்பர்களும் சேர்ந்து, அண்ணன் தம்பி இருவரின் நினைவாக மயிலிட்டியில் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வாசிகசாலை கட்டிக்கொடுத்திருக்கிறார்கள்.

பேராசிரியருக்கு அண்ணன் கிடையாது. அந்த இரண்டாவது பெயர் என் அண்ணையுடையது.

பேராசிரியரை இங்கே ஞானம் என்று எழுதுகிறேன். அது அவருடைய பெயரல்ல. அவருடைய பிள்ளைகளுக்கு இதனால் ஓர் இடைஞ்சல் வரக்கூடாது. ஊர்களிலும் ஒன்றிரண்டை மாற்றியிருக்கிறேன். அதே காரணத்தால் என் அண்ணையின் பெயரையும் எழுத முடியாது. வாசிக்கிற நீங்கள் கடைசியில் தேடி ஏமாறுவதைவிட இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

2

ஞானத்தைச் சந்தித்தது ஜேர்மனியில், ஓர் அகதி விடுதியில். ஓர் அறையில் ஆறு பேர். எனக்கு இருபத்துநாலு வயது, அவனுக்கு இருபத்திரண்டு. நான் அரியாலை. ஒன்பதாம் வகுப்போடு நின்று, களப்பில் இறால் பிடித்து, லொறியில் கிளீனராக ஓடி, அதன்பிறகு நாடு நாடாக இழுபட்டு அங்கே வந்து சேர்ந்தவன். அவன் மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்து, புத்தூரில் ஒரு கமக்காரர் வீட்டு மாட்டுக்கொட்டிலோடு இறக்கிய பத்தியில் தங்கிப் படித்தவன். விடுதியில் சாப்பாட்டுப் பெட்டிகளின் மட்டைகளைக் கிழித்து, அவற்றின் பின்பக்கத்தில் கணக்குச் செய்வான். பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஒரு பேராசிரியருக்கு நாலு பக்கத்தில் ஆங்கிலக் கடிதம் எழுதினான். அவர் பதில் போட்டார். வரலாம், இடம் தருகிறேன், ஆனால் முதலில் வதிவிட அனுமதி வேண்டும்.

அனுமதிக்கு விசாரணை உண்டு. விசாரணைக்கு ஒரு கதை வேண்டும். எங்கள் ஆட்கள் அதற்குக் கேஸ் என்பார்கள். ஒரு பகல் விடுதிச் சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

“உன்ரை கேஸ் என்னடா?”

“ஊரைவிட்டுக் கலைச்சவங்கள். அப்பா காய்ச்சலிலை செத்துப்போனார். எனக்குப் படிக்க வேணும்.”

“உதைச் சொன்னியெண்டால் அடுத்த பிளேனிலை ஏத்துவாங்கள். படிக்க வந்தனான் எண்டு ஓர் அகதி சொல்லுறதோ?”

“வேறை ஒண்டும் நடக்கேல்லையே மச்சான்.”

“தனக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு கவலைப்படுற ஒரே யாழ்ப்பாணத்தான் நீதான்.”

சோறு பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு வெங்காயத்தை வைத்துவிட்டு வெளியே போய் நின்றான். அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கும் தெரிந்திருந்தது.

அங்கே போய்த்தான் சொன்னேன், “என்ரையைச் சொல்லு.”

என்னுடையது இதுதான். அண்ணை அரியாலையில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர். ஒரு நாள் காலை, இரவலாக வாங்கிய காற்றுப் பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாறன் என்று போனார். வழியில் சோதனைச் சாவடி இருந்தது. பம்பு உரியவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அண்ணை திரும்பி வரவில்லை. போகும்போது பிடித்தார்களா, கொடுத்துவிட்டு வரும்போது பிடித்தார்களா என்று அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். பம்பு போய்ச் சேர்ந்ததால் வரும்போதுதான் என்று நான் சொல்வேன். அது அவருக்கு ஒரு பதிலாகத் தெரியவில்லை.

“அப்ப நீ என்ன சொல்லுவாய்?” என்று ஞானம் கேட்டான்.

“என்ரை விசாரணைக்கு இன்னும் மூண்டு மாசம் கிடக்கு. அதுக்குள்ளை ஒண்டு கட்டுவன்.”

பிறகு அவன் கணக்குப் பாடம் கேட்பதுபோலக் கேட்டான். பம்பின் நிறம் என்ன, சாவடிக்கு எத்தனை அடி தூரம், அண்ணை என்ன சேட்டுப் போட்டிருந்தார், கடைக் கதவைப் பூட்டினாரா. பெயரை மட்டும் மாற்று என்றேன். மாட்டேன் என்றான்.

“ஒண்டை மாத்தினால் எல்லாம் பிழைக்கும். நடந்ததை நடந்தபடி சொல்லத்தான் எனக்கு வரும் மச்சான்.”

அவனுக்குச் சில வாரங்களிலேயே அனுமதி கிடைத்தது. என் விசாரணையில் வேறொரு கதை சொன்னேன். ஆடி மாதம், வெள்ளம் முழங்காலளவு, அதற்குள்ளால் ஓடித் தப்பினேன் என்று சொல்லிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் ஆடியில் வெள்ளம் என்று சொல்வானா? வாயிலிருந்து வந்துவிட்டது. அதிகாரி ஏதோ ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஆடியில் அங்கே மழையே இல்லையே என்று கேட்டார். அந்த இடத்திலாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மொழிபெயர்ப்பாளர் ஞானத்துக்கு மொழிபெயர்த்த அதே மனிதர். என் அண்ணையின் பெயரைச் சொன்ன அந்த நிமிடமே ஞானத்தின் கேஸ் உடைந்திருக்கும். மழை பெய்தது என்று திரும்பவும் சொன்னேன்.

நிராகரித்தார்கள். அதன்பிறகு கிடைத்தது, திருப்பி அனுப்பும்வரை பொறுத்துக்கொள்கிறோம் என்ற கடதாசி. சில மாதத்துக்கு ஒருமுறை வரிசையில் நின்று முத்திரை குத்த வேண்டும். பதினான்கு வருடம் குத்தினேன்.

3

ஞானம் படித்தான். பட்டம், அதற்குமேல் பட்டம், பிறகு ஆராய்ச்சி. பெயர் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை, நான் எங்கே வேலை செய்கிறேனோ அங்கே வருவான். நான் ஓரிடத்தில் நிற்கிறவனல்ல. அஸ்பராகஸ் வெட்டும் தோட்டம், இறைச்சி பொதியிடும் இடம், பன்றிப் பண்ணை, உணவகச் சமையலறைகள் என்று மாறிக்கொண்டே இருந்தேன். எங்கே போனாலும் கண்டுபிடித்து வருவான்.

அப்படி வந்த ஒரு முறை, பீங்கான் கழுவிக்கொண்டிருக்கும்போது, நீ என்னதான் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டேன். கழுவி வைத்ததில் இரண்டு பீங்கான்களை எடுத்தான்.

“இந்த ரெண்டும் ஒரே மாதிரித்தானே?”

“ஓம்.”

“நீ அங்காலை திரும்பு. நான் இடம் மாத்தி வைக்கிறன். பிறகு கண்டுபிடி பாப்பம்.”

திரும்பிப் பார்த்து உடனே சொன்னேன். ஒன்றின் விளிம்பில் மயிரளவு வெடிப்பு இருந்தது. ஒரு நாளைக்கு அறுநூறு பீங்கான் கழுவுகிறவனுக்கு அது தெரியும்.

“உனக்குப் பீங்கானிலை வெடிப்புத் தெரியுது. அணுவுக்குள்ளை இருக்கிற இலத்திரனிலை வெடிப்புக் கிடையாது. ஒண்டை மற்றதின்ரை இடத்திலை வைச்சால், மாத்தினது எண்டு இந்த உலகத்திலை ஒருத்தராலையும் கண்டுபிடிக்கேலாது. கணக்கிலை மட்டும் ஒரு கழித்தல் குறி வரும். அதையும் கண்ணாலை காணேலாது.”

“காணேலாததுக்கே உனக்குச் சம்பளம்?”

“நான் பாக்கிறது வேறை. கடதாசி மாதிரி மெல்லிய படலம் இருக்கு. அதுக்குள்ளை துகள்கள் இடம் மாறினால் அந்தப் படலம் அதை மறக்காது. எது எதைச் சுத்திப் போனது எண்டது அதிலை கிடக்கும். எல்லாப் படலத்திலையும் இல்லை. எதிலை கிடக்கும், எதிலை கிடக்காது எண்டதுதான் என்ரை வேலை.”

எனக்கு விளங்கிய அளவு இவ்வளவுதான். அதற்குத்தான் பின்னர் பெரிய பரிசுகள் கொடுத்தார்கள். விளங்கியவர்கள் உலகத்தில் கொஞ்சப் பேர் என்று சொல்வார்கள். மற்றவர்கள் அவனுடைய வாழ்க்கையைப் பற்றித்தான் எழுதினார்கள். அங்கேதான் வினை வந்தது. ஒரு பத்திரிகைக்காரி அகதி வாழ்க்கையைப் பற்றிக் கேட்க, இவன் பம்பைச் சொல்லிவிட்டான். கேஸில் சொன்னதை வேறுவிதமாகச் சொல்லவும் முடியாது. அந்தப் பேட்டியை வைத்து நூறு பேர் எழுதினார்கள். மேடைகளில் கேட்டார்கள். பரிசு கொடுத்தவர்களும் தங்கள் பாராட்டுரையில் பம்பைச் சேர்த்தார்கள்.

கடைசியாக வந்தபோது நான் பொதிகள் பிரிக்கும் கிடங்கில் இருந்தேன். கோப்பி குடித்தோம். அவன் மெலிந்திருந்தான்.

“இப்ப அதைச் சொல்லேக்கை எனக்கு அழுகை வருது மச்சான். முதல் வாறேல்லை. அதுதான் பயமாய்க் கிடக்கு.”

“அப்ப சொல்லாதை.”

“சொல்லாட்டில் ஏன் சொல்லேல்லை எண்டு கேப்பினம்.”

கிடங்கில் மணி அடித்தது, எழும்பினேன். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. நானும் தேடவில்லை. கணையத்தில் புற்றுநோய் என்று பின்னர் அறிந்தேன்.

4

அறிந்தது மகள் சொல்லித்தான். மகள் பிறந்த பிறகு அவளை வைத்து எனக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. மகளுக்கு அதில் ஒரு பெருமையும் இல்லை. தாயோடு வேறு நகரத்தில் இருக்கிறாள். தாய் என்னை விட்டுப் போனதற்குக் காரணங்கள் உண்டு, அவை எல்லாம் சரியான காரணங்கள். மகளுக்குத் தமிழ் விளங்கும். கதைக்கும்போது பாதி ஜேர்மன் வரும். மாதத்தில் ஒரு ஞாயிறு புகையிரத நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் சந்திப்போம். அவள் கைத்தொலைபேசியைப் பார்ப்பாள், நான் யன்னலைப் பார்ப்பேன்.

போன வருடம் ஒரு ஞாயிறு அவள் தானாகக் கதைத்தாள். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இறந்துவிட்டார், தெரியுமா என்றாள். வகுப்பில் அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தாளாம். நல்ல புள்ளியாம். எடுத்துக் காட்டினாள். ஜேர்மனில் இருந்தது. பம்பு என்ற சொல்லைத் தேடினேன், மூன்றாம் பந்தியில் இருந்தது. அண்ணையின் பெயரும் இருந்தது. என் மகள் தன் பெரியப்பாவின் பெயரைத் தன் கையால் எழுதியிருக்கிறாள், அது அவர் என்று தெரியாமல்.

“இதை எழுதேக்கை நான் அழுதனான் அப்பா. நீங்கள் எனக்கு ஒண்டும் சொல்லுறேல்லை.”

அப்போது சொன்னேன். நான் கதை சொல்லத் தெரிந்தவனல்ல. எனக்கும் ஓர் அண்ணை இருந்தவர் என்று தொடங்கினேன். சைக்கிள் கடை என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். பம்பு என்று வந்தபோது கையை நீட்டி என் மணிக்கட்டைத் தொட்டாள். படுக்கையில் கிடக்கும் வருத்தக்காரரிடம் கதைப்பதுபோல மெதுவாகச் சொன்னாள்.

“அப்பா, அது அவரின்ரை கதை.”

அதற்குமேல் நான் சொல்லவில்லை. சொல்வதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும். இடம்பெயர்ந்தபோது எங்கள் வீட்டில் ஒரு கடதாசி மிஞ்சவில்லை. படமும் இல்லை. இந்த முறை ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அண்ணையின் பிறப்புப் பதிவை எடுக்கப் போனேன். பதிவு எழுதும் லிகிதர் நல்ல பெண். இரண்டு தரம் உள்ளே போய்த் தேடினார்.

“அந்த வருசத்துப் புத்தகம் கிடக்கு ஐயா. முன்பக்கங்கள் இல்லை.”

“வேறை எங்கையாவது பிரதி?”

“ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால் சத்தியக் கடதாசி வைச்சுப் புதுசாய்ப் பதியலாம்.”

ஆள் இல்லை என்றுதான் வந்திருக்கிறேன் என்றேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

அம்மா காணாமல்போனோர் படிவங்கள் பல நிரப்பினவர். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்றபோது வாங்க மறுத்தவர். அந்தப் படிவங்களும் அவரோடு போய்விட்டன. அரியாலையில் எங்கள் வளவில் இப்போது வேறொருவரின் மாடி வீடு. கேற்றுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். அங்கே நிற்கும்போதுதான் மகள் தொலைபேசியில் ஒரு செய்தி அனுப்பினாள். பேராசிரியருக்கும் அண்ணனுக்கும் உங்கள் ஊரில் ஒரு வாசிகசாலை திறக்கிறார்களாம், கல்லும் வைக்கிறார்களாம், ஒரு படம் எடுத்து அனுப்புவீர்களா என்று.

அடுத்த நாள் மயிலிட்டிக்குப் போனேன்.

5

ஞானத்தின் தங்கையைப் பவளம் என்று எழுதுகிறேன். கால் நூற்றாண்டுக்கு மேல் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பிவந்து, பழைய அத்திவாரத்தின்மேல் இரண்டு அறை கட்டியிருக்கிறார். கணவர் கடலுக்குப் போகிறவர். திவசத்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். நான் யார் என்று பவளத்துக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்டதும் முகம் மாறியது. ஞானம் என்னுடைய படம் ஒன்றைக் காட்டியிருக்கிறான்.

பந்தலுக்குள் ஒரு கிழவர், முன்பு வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி, கதைத்துக்கொண்டிருந்தார்.

“இளையவன் படிப்பு. மூத்தவன் அப்பிடியில்லை, கைவேலைக்காரன். சுருட்டைத் தலை. பம்பும் கையுமாய்ப் போனதை நான் ஒழுங்கையிலை நிண்டு கண்டனான்.”

“மூத்தவர் எண்டு ஒராளை நான் காணேல்லையே, அம்மான்,” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“நீ அப்ப பிறக்கேல்லையடா.”

“எனக்கு இப்ப அறுபது.”

“அப்ப நீ கடலுக்குப் போயிருப்பாய்.”

என் அண்ணையின் தலைமயிர் நேரானது. மயிலிட்டிக்கு அவர் ஒருநாளும் வந்ததில்லை.

பவளத்தைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். இரண்டாவது பெயரை எடுத்துவிடுங்கள். ஞானத்தைப் பற்றி நான் எங்கேயும் ஒரு சொல் சொல்லமாட்டேன். அவர் பெயர் மட்டும் இருக்கட்டும்.

“ஏன் அண்ணை இப்ப?”

“கல்லிலை ஏறினால் முடிஞ்சுது தங்கச்சி. என்ரை பிள்ளை என்னைப் பொய்யன் எண்டு நினைக்குது. நாளைக்கு இந்தக் கல்லின்ரை படத்தைப் பாத்தால், அதுக்குப் பிறகு நான் வாயே திறக்கேலாது.”

அவர் கிணற்றுத் துலாக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“நான் ஞானண்ணையிட்டைப் போறதுக்கு விசா எடுக்கக் கொழும்புக்குப் போனனான். கண்ணாடிக்கு அங்காலை இருந்த பொம்பிளை, உன்ரை மூத்த அண்ணனுக்கு என்ன நடந்தது எண்டு கேட்டா. ஞானண்ணை சொல்லித் தந்ததை ஒரு கிழமையாய்ப் பாடமாக்கிக்கொண்டு போனனான். பச்சைப் பம்பு, நீலச் சேட்டு. சொல்லத் தொடங்க அழுகை வந்திட்டுது. நான் நடிக்கேல்லை. அந்தப் பொம்பிளை தண்ணி தந்தவ. அண்டையிலையிருந்து வெள்ளிக்கிழமையிலை அவருக்கும் ஒரு விளக்கு வைக்கிறன்.”

“அவர் என்ரை அண்ணை, தங்கச்சி.”

“ஓம். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன செய்ய? அண்ணியின்ரை பிள்ளையளுக்கே தெரியாது. செத்த மனிசன்ரை கேஸ் பொய் எண்டு இப்ப வெளிக்கிட்டால், அதுகளின்ரை கதி என்ன? கல்லு வெட்டி வந்திட்டுது. நாளைக்குக் காலமை புத்தூரிலையிருந்து மேசன் வாறார்.” கொஞ்சம் நிறுத்தி, “சாப்பிட்டுப் போங்கோ அண்ணை,” என்றார்.

நான் சாப்பிடாமல் புறப்பட்டேன். மிச்சத்தைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

6

வழியில் ஒரு மதகில் குந்தியிருந்து சோற்றைச் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கறி நன்றாக இருந்தது. புத்தூருக்குப் போய்ச் சேர்ந்தபோது வெங்காயத் தோட்டங்களுக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார்கள். மேசன் வீட்டை ஒரு கடையில் கேட்டு அறிந்தேன். நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள். வாசலில் குந்தியிருந்து வாளி கழுவிக்கொண்டிருந்தார்.

வழி முழுக்க நான் யோசித்தது ஒன்றைத்தான். கருங்கல் பலமானது, ஆனால் மெல்லியதாக அறுத்த பலகை ஓரத்தில் விழுந்தால் உடையும். உடைந்தால் திரும்ப வெட்டுவிக்க வேண்டும். திறப்பு விழா அடுத்த கிழமை. நேரம் போதாமல் ஞானத்தின் பெயரை மட்டும் வெட்டி வைக்கக்கூடும். கைதவறி விழுந்ததற்கு யாரும் யாரையும் கேட்கப்போவதில்லை.

“தம்பி, கையுதவிக்கு ஆள் தேவையோ?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்தார்.

“வெளிநாட்டிலையிருந்து வந்த ஆள் போலை கிடக்கு. நக்கலோ அண்ணை?”

“இல்லை. சும்மா இருக்க ஏலாது எனக்கு. அங்கையும் உந்த வேலைதான்.”

“என்ரை பெடியன் கொழும்புக்குப் போட்டான். நாளைக்கு ஒரு கல்லுப் பதிக்கக் கிடக்கு, தனிய ஏலாதுதான். காலமை ஆறு மணிக்கு நில்லுங்கோ. அந்தச் சப்பாத்தோடை வராதையுங்கோ.”

காலை ஆறு மணிக்கு அவருடைய மோட்டார் சைக்கிளின் பின்னால், மடியில் வாளியும் மட்டம் பார்க்கும் நீர்மட்டமும் வைத்துக்கொண்டு, நேற்று நடந்த தெருவில் திரும்பப் போனேன்.

கல், பவளத்தின் வீட்டு விறாந்தையில் சாக்கில் சுற்றிக் கிடந்தது. என்னைக் கண்டதும் பவளம் கையில் வைத்திருந்த தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றார். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. மேசனிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஒரு கோப்பையை அவருக்குக் கொடுத்தார், மற்றதை எனக்குக் கொடுத்தார்.

“இனிப்புக் காணுமோ அண்ணை?”

“காணும்.”

வாசிகசாலை பக்கத்துப் பள்ளிக்கூட வளவுக்குள். மேசன் முன்னுக்குப் பிடித்துப் பின்பக்கமாக நடந்தார், நான் மற்ற ஓரத்தைப் பிடித்தேன். எடை என் நினைப்பைவிடக் கூட. வாசலில் மூன்று படிகள். இரண்டாவது படியில் மேசன் கால் வைக்கும்போது முழுப் பாரமும் என் பக்கம் வந்தது. அந்த இடம்தான் என்று வரும்போதே கண்டு வைத்திருந்தேன். பவளம் வேலியில் நின்றார்.

சாக்கு வழுகியது. எழுத்துகள் தெரிந்தன.

மேலே ஞானம், பட்டங்களோடு. கீழே அண்ணை. முன்னால் எங்களைப் பெற்ற ஐயாவின் முதலெழுத்து இல்லை, வேறொரு மனிதரின் முதலெழுத்து இருந்தது. அதற்குப் பிறகு அண்ணையின் பெயர். ஒவ்வோர் எழுத்தும் ஆழமாக, பொன்னிறம் பூசி இருந்தது. அந்தப் பெயரை எழுத்தில் கண்டு எத்தனை வருடம் என்று தெரியவில்லை. மகளின் கட்டுரையில் கண்டது ஜேர்மன் எழுத்தில். தமிழில் கடைசியாகக் கண்டது சைக்கிள் கடைப் பலகையில்.

“அண்ணை, பாத்து,” என்றார் மேசன்.

பார்த்துக்கொண்டுதான் நின்றேன். பதிவுப் புத்தகத்தில் முன்பக்கங்கள் இல்லை. படிவங்கள் இல்லை. வளவு இல்லை. இதை விட்டால் ஜேர்மனியில் ஏதோ ஓர் அலுமாரியில் ஞானத்தின் கோப்பு, அவ்வளவுதான். இந்தக் கல் உடைந்தால் அண்ணை எனக்குத் திரும்பி வரமாட்டார். உடையாவிட்டாலும் வரமாட்டார். இரண்டில் எது குறைந்த நட்டம் என்று பிடித்துக்கொண்டு யோசிக்கும் பாரமில்லை அது. படியில் ஏறினேன்.

சுவரில் கொத்தி வைத்திருந்த பள்ளத்தில் மேசன் சீமெந்து அப்பினார். இருவரும் கல்லைத் தூக்கி வைத்து அழுத்தினோம். நீர்மட்டத்தை நான்தான் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் நூலளவு இறங்கியிருந்தது. தட்டிச் சரிசெய்தோம்.

“உந்தக் கதை தெரியுமோ அண்ணை?” என்று மேசன் முட்டுக்கொடுக்கப் பலகை அறுத்துக்கொண்டே சொன்னார். “மூத்தவர் பம்பு குடுக்கப் போனவர், வரேல்லை. பாவங்கள். இளையவர் அங்கை போய்ப் பெரிய ஆளாய் வந்தும் மறக்கேல்லை, பாருங்கோவன்.”

“ஓம். கேள்விப்பட்டனான்.”

“பலகை ஒண்டு கட்டையாய்ப் போச்சு. இறுகுமட்டும் ரெண்டு கையாலையும் அமத்திக்கொண்டு நில்லுங்கோ. விட்டியளெண்டால் வழுகும்.”

இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து நின்றேன். இடது கை ஞானத்தில், வலது கை அண்ணையில். கல் குளிராக இருந்தது, கொஞ்ச நேரத்தில் கைச்சூட்டுக்கு வந்தது. துறைமுகத்தில் வள்ளங்கள் வந்த சத்தம் கேட்டது. மேசன் சாந்தகப்பையைக் கழுவினார், வாளியைக் கவிழ்த்தார், ஒரு பீடி பற்றவைத்து முடித்தார். பிறகு வந்து ஓரத்தில் விரலால் தட்டிப் பார்த்தார்.

“காணும் அண்ணை. இனி விழாது. கையை எடுங்கோ.”

“இன்னும் கொஞ்சம் பிடிக்கிறன், தம்பி,” என்றேன்.